யாருக்கான தேகாப்பியாசம்? திருநர் கட்டிளமையோரும் உடற்பயிற்சியின் சமூக அடிப்படையும்

உடற்பயிற்சி உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை பயக்கும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஐந்து முதல் பதினேழு வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாட்களாவது தசையையும் என்பையும் வலுப்படுத்தும் பயிற்சிகள் இடம்பெற வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. வழிகாட்டல் எல்லாச் சிறுவருக்கும் பொதுவானது. ஆனால் அந்த அறுபது நிமிடத்தை எங்கே, எவ்வுடையில், யாருடன், எந்த வரிசையில் நின்று கழிப்பது என்ற வினா எழுந்ததும் பொதுமை குலைந்துவிடுகின்றது. பிறந்தபோது தமக்கு விதிக்கப்பட்ட பாலோடு தம்மை அடையாளங் காணாத திருநர் கட்டிளமையோர் விடயத்தில் இக்குலைவு மிகத் துலக்கமாகத் தெரிகின்றது. இலக்கியம் பயின்ற ஒருவன் மருத்துவர் துறையிற் கால் வைப்பதேன் என்று கேட்கலாம். உடல் என்பது மருத்துவத்தின் பொருளாவதற்கு முன்னரே சமூகத்தின் பொருளாகிவிடுகின்றது என்பதே என் விடை.

நவீன தேகாப்பியாசத்தின் தோற்றத்தைச் சிறிது நோக்குவோம். 1811இலே பேர்லினுக்குப் புறத்தேயிருந்த ஹாசன்ஹைடே என்னும் இடத்தில் ஜான் என்பார் பயிற்சித் திடலொன்றைத் திறந்தார். நெப்போலியனுக்கு எதிராக ஜேர்மானிய இளைஞரை வலுப்படுத்துவது அவர் நோக்கம். 1813இல் ஸ்ரொக்ஹோமில் லிங் நிறுவிய உடற்பயிற்சிக் கழகத்திலும் படைவீரர் பயிற்சி முக்கிய இடம்பெற்றது. ஆணுடல் படைக்கு, பெண்ணுடல் தாய்மைக்கு என்ற பிரிவினை பாடசாலைத் தேகாப்பியாசத்துக்குள் வந்து சேர்ந்தது இவ்வழியாகவேயாகும். இதற்கு வேறொரு மரபும் உண்டு. ‘மூலதனம்’ முதற் பாகத்திலே தொழிற்சாலைச் சட்டங்களை ஆராயுமிடத்து, உற்பத்தி உழைப்பு, கல்வி, உடற்பயிற்சி ஆகிய மூன்றும் இணைந்ததே எதிர்காலக் கல்வி என மார்க்ஸ் சுட்டுகின்றார். முழு மனிதனை உருவாக்கும் வழியாகவே அவர் அதனைக் கண்டார். முற்போக்காளராகிய நாம் அக்கூற்றை அடிக்கடி எடுத்தாண்டிருக்கிறோமேயன்றி, அம்முழு மனிதன் எந்த உடையில் மைதானத்தில் இறங்குவான் என்று கேட்டதில்லை.

வினா அற்பமானதன்று. பல நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் திருநர் கட்டிளமையோர் ஏனைய சகபாடிகளிலும் பார்க்கக் குறைவாகவே உடற்பயிற்சியில் ஈடுபடுவதைக் காட்டியுள்ளன. சோம்பல் இதற்குக் காரணமன்று. உடை மாற்றும் அறை, குளிக்கும் இடம், உடலை இறுக்கிக் காட்டும் சீருடை, ஆண் பெண் என இரண்டாகப் பிரிந்து நிற்கச் சொல்லும் ஆசிரியரின் ஊதுகுழல் ஆகியனவே தடைகளாக மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. பயிற்சி தொடங்குவதற்கு முந்திய பத்து நிமிடத்திலேயே அப்பிள்ளை தோற்றுவிடுகின்றது.

உடலின் தளத்திலும் முரண்பாடு உண்டு. பெண்ணாகப் பதிவுபெற்றுத் தம்மை ஆணாக உணரும் இளைஞர் பலர் மார்பை இறுக்கித் தட்டையாக்கும் உள்ளாடை அணிவர். 2017இல் வெளியான ஆய்வொன்றில், இவ்வழக்கமுடைய சுமார் 1,800 வளர்ந்தோருள் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் முதுகுவலி, மூச்சுத் திணறல் முதலான உபாதைகளில் ஒன்றேனும் தமக்குண்டு என்றனர். அதே ஆய்வில், அவ்வாறு அணிவதால் மனவேதனை தணிந்து தன்மதிப்பு உயர்ந்தது என்றுங் கூறினர். விலாவை வருத்துவதே உள்ளத்தை ஆற்றுகின்றது. ஓடும்போது விலா விரிய வேண்டும், நுரையீரல் நிறைய வேண்டும். ஆகவே பயிற்சி வேளையில் அவ்வாடையைக் கழற்றி, விளையாட்டுக்கெனத் தைத்த நெகிழ்வான உள்ளாடையும் தளர்ந்த மேலாடையும் அணியுமாறு கூறுவர். அறிவுரை சரியானதே. ஆனால் தளர்ந்த மேலாடைக்குப் பாடசாலைச் சீருடை விதி இடந்தராவிட்டால், அப்பிள்ளை எதனைக் கைவிடும்? பெரும்பாலும் ஓட்டத்தையே.

என்பின் நிலையும் கவனத்துக்குரியது. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய என்பு வலிமையின் பெரும்பகுதி கட்டிளமைப் பருவத்திலேயே சேர்கின்றது. பூப்பினை இடைநிறுத்தும் மருந்து பெறுவோரிடத்தில் பாலோமோன்கள் அடங்கியிருப்பதால் என்பு அடர்த்தி சகவயதினரைப் போன்று உயர்வதில்லை. எனவே குதித்தல், ஓடுதல், பாரந் தூக்குதல் போன்ற, உடலின் எடையை என்பு தாங்கும் பயிற்சிகள் இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. இம்மருந்துகள் பற்றிய சர்ச்சை ஓயவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அவற்றைப் புதிதாக வழங்குவதை ஐக்கிய இராச்சியம் 2024 டிசெம்பரில் காலவரையறையின்றித் தடைசெய்தது. மருந்து பெறுவோர்க்கும் பெறாதோர்க்கும் மைதானம் வேண்டும் என்பதே ஈண்டு நாம் மனங்கொள்ள வேண்டியது.

நல்ல திட்டமொன்று எடையையும் இடுப்பளவையும் அளவுகோலாகக் கொள்ளாது. இது முக்கியமான எச்சரிக்கை. மாதவிடாயை நிறுத்தவோ தசை திரளாது தடுக்கவோ பட்டினியையும் மிகைப்பயிற்சியையும் நாடும் பிள்ளைகள் இவர்களிடையே உள்ளனர். உணவுண்ணற் கோளாறுகள் இவர்களிடையே கூடுதலாகக் காணப்படுவதும் அறியப்பட்டதே. ஆகவே, எவ்வளவு தூரம் ஓட முடிந்தது, எவ்வளவு பாரம் தூக்க முடிந்தது, நேற்றிலும் பார்க்க நித்திரை நன்றாக வந்ததா என்பனவே அளவாக வேண்டும். தோளையும் கையையும் வலுப்படுத்த விரும்புபவருக்கு அப்பயிற்சி, நடனத்தை விரும்புபவருக்கு நடனம் எனத் தெரிவு பிள்ளையிடம் இருத்தல் வேண்டும். பூட்டக்கூடிய தனியறை ஒன்று, சிறிய குழு, பிள்ளை விரும்பும் பெயரைச் சொல்லி அழைக்கும் பயிற்றுநர் ஆகியன போதும். பெருஞ்செலவு இல்லை.

செலவில்லாத இதனைப் பாடசாலை தராதபோது சந்தை தருகின்றது. தனிப் பயிற்றுநர், தனி அறை, மாதக் கட்டணம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதனை வாங்கிக்கொள்ளும். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் ஒரே பயிற்சிக்கூடம் பாடசாலை மைதானமேயாகும். அம்மைதானத்தின் வாயிலில் நிற்கும் சட்டம் யாரை உண்மையிலே தண்டிக்கின்றது என்பதை இவ்வடிப்படையிலேயே நோக்குதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா மாநிலம் தக்க உதாரணம். திருநர் சிறுமியர் பெண்கள் அணிகளில் விளையாடுவதைத் தடுக்கும் மசோதாவை அம்மாநில ஆளுநர் ஸ்பென்சர் கொக்ஸ் 2022 மார்ச்சில் நிராகரித்தார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். நிராகரிப்புக் கடிதத்தில் அவர் எண்களைக் கொண்டே பேசினார். உயர்தரப் பாடசாலை விளையாட்டில் ஈடுபடும் மாணவர் 75,000. அவர்களுள் திருநர் நால்வர். பெண்கள் அணியில் விளையாடும் திருநர் சிறுமி ஒருத்தி. வெற்றிக் கிண்ணம் தேடியன்றித் தோழமை தேடியே இப்பிள்ளைகள் வருகின்றனர் என்பது அவர் கருத்து. சில நாட்களிலேயே சட்டசபை அந்நிராகரிப்பைத் தள்ளிச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு ஓகஸ்டில் நீதிமன்றம் தடையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. 2020இல் ஐடாகோ தொடக்கிவைத்த இவ்வகைச் சட்டம் 2025க்குள் இருபத்தைந்துக்கு மேற்பட்ட மாநிலங்களிற் பரவியது.

ஆண் பூப்பினால் விளையும் தசை, என்பு, உயரம் ஆகியன உயர்மட்டப் போட்டிகளில் நியாயம் பற்றிய வினாவை எழுப்புகின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒலிம்பிக் ஓடுபாதையின் வினாவைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பாடசாலை மாலைப்பொழுதின் மீது ஏற்றுவது முறையன்று. அவ்வாறு ஏற்றியபின் ஐயம் திருநரோடு நின்றுவிடுவதுமில்லை. 2006இல் தோகா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாற்சோதனையின் பேரில் இழந்த சாந்தி சௌந்தரராஜனைத் தமிழ் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கற்சூளைத் தொழிலாளர் மகளாகிய அவர் திருநரல்லர்.

யூற்றாவிலும் இதுவே நிகழ்ந்தது. போட்டியொன்றில் முதலிடம் பெற்ற மாணவி ஒருத்தி உண்மையிற் பெண்தானா என்று இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றோரின் பெற்றார் முறையிட்டனர். மாநிலப் பாடசாலை விளையாட்டுச் சங்கம் அவளது பதிவேடுகளைப் பாலர் வகுப்புவரை பின்னோக்கிப் புரட்டியது. ஒவ்வோர் ஆண்டிலும் பெண் என்றே பதிவாகியிருந்தது. போதிய பெண்மைத் தோற்றம் இல்லை என்று வேறு மாணவியர் மீதும் முறைப்பாடுகள் வந்ததாகச் சங்கத்தின் பேச்சாளர் 2022 ஓகஸ்டில் தெரிவித்தார். தன்மீது நடந்த விசாரணை அம்மாணவிக்கோ வீட்டாருக்கோ அறிவிக்கப்படவில்லை.