"நான் நல்லாதான் இருக்கேன் கண்ணு": ஊரில் இருக்கும் ஆயாவுக்கு என்ன நடக்கிறது?

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகச் சுருக்கி, ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்கலாம். கற்பனைதான், ஆனா உங்களில் சில பேருக்கு இது பழக்கமான காலா இருக்கலாம்.

நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பாக்கறீங்க. சொந்த ஊர் வாணியம்பாடி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போன் போடுறீங்க. சித்தப்பா எடுக்கிறார். "ஆயாகிட்ட குடுங்க சித்தப்பா"ன்னு கேட்டா, ஸ்பீக்கரில் போட்டுக் குடுக்கிறார். "நான் நல்லாதான் இருக்கேன் கண்ணு. நீ சாப்டியா?" அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துல கால் கட்.

இதே ஆயா போன வருஷம் வரைக்கும் பக்கத்து வீட்டு ஆடு தொலைஞ்ச கதையையே அரை மணி நேரம் சொல்வாங்க. இப்ப ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாங்க? வயசாயிடுச்சு, அதனாலதான்னு நாம விட்டுடறோம். அப்படி விடக்கூடாதுங்கறதுதான் இன்னைக்குப் பேச்சு.

அடி விழுந்தாதான் கொடுமையா?

முதியோர் கொடுமைன்னு சொன்னதும் காயம், ரத்தம்னு நமக்குத் தோணும். ஆனா பெரும்பாலும் அது சத்தமே இல்லாம நடக்கும். 60 வயதைத் தாண்டினவங்கள்ல சுமார் 6 பேருக்கு ஒருத்தர், ஒரு வருஷத்துக்குள்ள ஏதோ ஒரு வகைக் கொடுமையை அனுபவிக்கிறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல அடி, உதை மட்டும் இல்ல. திட்டறது, பேசாம ஒதுக்கி வைக்கறது, பணத்தைப் பிடுங்கறது, சாப்பாடு, மருந்து, வைத்தியம் இல்லாம விடறது, எல்லாமே சேர்த்திதான்.

நம்ம ஊர்ல பணக் கொடுமையைத்தான் கண்டுபிடிக்கறது கஷ்டம். தோல் ஷாப்புல வேலை செஞ்சு ஓய்ந்த தாத்தாவுக்கு ஒரு சின்ன பி.எஃப். பென்ஷன் வரும். ஆயாவுக்கு மாசா மாசம் முதியோர் உதவித்தொகை வரும். ஏ.டி.எம். கார்டு யார்கிட்ட இருக்கு? "பையன்தான் எடுத்துக் குடுப்பான்" என்பாங்க. எடுக்கிறது சரி, கைக்கு வருதா? கழுத்துச் சங்கிலி "பாலிஷ் போடக் குடுத்திருக்கு"ன்னு ஆறு மாசமா சொன்னா, அது அடகுக்கடையில இருக்க வாய்ப்பு அதிகம்.

என்னென்ன கவனிக்கணும்?

போன்லயே சில விஷயம் தெரியும். தனியா பேசவே விடறதில்லையா? எப்பவும் ஸ்பீக்கர்தானா? அவங்க சொந்த போன் மாசக்கணக்கா "ரிப்பேர்"ல இருக்கா? யாராவது பக்கத்துல வந்ததும் குரல் தாழுதா? மாத்திரை இருக்கான்னு கேட்டா பேச்சை மாத்தறாங்களா?

பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோ ஊருக்குப் போறப்ப கண்ணால பாருங்க. படுக்கிற இடம் மாறி, மாடிப்படிக்குக் கீழே வந்துடுச்சா? கண்ணாடி உடைஞ்சு நூல் கட்டி இருக்கா? உடம்பு இளைச்சிருக்கா? முதுகுலயும் இடுப்புலயும் படுக்கைப் புண் இருக்கா? பேங்க் பாஸ்புக் எங்கேன்னு கேட்டா வீடே அமைதியாயிடுதா? இதுல ஏதோ ஒண்ணை மட்டும் வெச்சு முடிவுக்கு வராதீங்க. மூணு நாலு சேர்ந்து இருந்தா கட்டாயம் விசாரிங்க.

எல்லாரும் வில்லன் இல்ல

இதையும் சொல்லியாகணும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பல வீடுகள்ல பெண்கள் காலையிலேயே ஷூ கம்பெனி பஸ் ஏறிடறாங்க. ஆம்பளைங்க டேனரிக்குப் போயிடறாங்க. படுக்கையில இருக்கிற பெரியவர் சாயங்காலம் வரைக்கும் தனியா கிடக்கிறார். பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி, மூடி வெச்ச சாப்பாடு. இது கொடுமையா, இயலாமையா?

பாதிக்கப்படற அந்தப் பெரியவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா நாம செய்ய வேண்டியது வேற வேற. வேலைக்குப் போய்க்கிட்டே மாமியாரைப் பாத்துக்கிற அத்தைகிட்ட போய் "ஏன் சரியா பாக்கல?"ன்னு கேக்கறது அநியாயம். பகல்ல ஒரு ஆளை வெச்சுக்கப் பணம் அனுப்புங்க. 2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல, பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்டுலயே கவனிப்பும் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பதிஞ்சு குடுங்க. இவ்வளவு உதவி செஞ்ச பிறகும் மருந்து போய்ச் சேரலன்னா, அப்ப பிரச்சினை வேற.

யார்கிட்ட சொல்றது?

உயிருக்கு ஆபத்து, அடிதடி, பூட்டி வெச்சிருக்காங்கன்னா உடனே 112. மத்த விஷயத்துக்கு முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது. என்ன செய்யலாம்னு ஆலோசனை கேக்கறதுக்கும் கூப்பிடலாம்.

அடுத்து, பல பேருக்குத் தெரியாத ஒரு வழி. 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்துச்சு. எந்த மதமா இருந்தாலும் பொருந்தும். இதுக்குக் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். வருவாய் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தோட தலைவர். ஆர்.டி.ஓ.ன்னு சொல்வோமே, அவர்தான். கவனிங்க, லைசென்ஸ் எடுக்கப் போற ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேற, இது வேற! 2019 நவம்பர்ல வேலூரைப் பிரிச்சுத் திருப்பத்தூர் மாவட்டம் உருவானப்ப, வாணியம்பாடிக்குன்னு தனிக் கோட்டம் வந்துடுச்சு. ஆம்பூரும் இந்தக் கோட்டத்துலதான். அதனால தீர்ப்பாயம் நம்ம ஊர்லயே இருக்கு.

வெள்ளைத்தாள்ல நடந்ததை எழுதிக் குடுத்தாலே மனுதான். வக்கீல் தேவையில்ல. பெரியவரால வர முடியலன்னா, அவர் அதிகாரம் குடுத்த ஒருத்தரோ அமைப்போ குடுக்கலாம். தீர்ப்பாயம் தானாவும் எடுத்து விசாரிக்கலாம். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போனதில் இருந்து 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும், தவிர்க்க முடியாத நிலையில இன்னும் 30 நாள். மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் பராமரிப்புத் தொகை தரச் சொல்லலாம். கைவிட்டு ஓடினவங்களுக்கு 3 மாசம் வரைக்கும் சிறை, இல்ல 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

கையில என்ன வெச்சுக்கணும்? பாஸ்புக் பக்கங்களோட போட்டோ, ஆஸ்பத்திரி சீட்டு, அடகு ரசீது, பத்திர நகல். எந்தத் தேதியில என்ன நடந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

பத்திரத்தில் ஒரு வரி

நிறைய வீட்டுல சிக்கல் வீட்டுப் பத்திரத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. "எழுதிக் குடுத்துடுங்க, கடைசி வரைக்கும் பாத்துக்கறோம்" என்பாங்க. உயில் எழுதினா, உயிரோட இருக்கிற வரைக்கும் சொத்து அவங்களுதுதான், மாத்தியும் எழுதலாம். செட்டில்மென்ட் எழுதினா, அன்னைக்கே கை மாறிடும்.

மேல சொன்ன சட்டத்தோட 23-வது பிரிவு இதுக்குத்தான். அடிப்படைத் தேவைகளைப் பாத்துக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, வாங்கினவங்க பாத்துக்கலன்னா, பத்திரம் செல்லாதுன்னு தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நாகப்பட்டினத்துல ஒரு வயசான அம்மா தன் மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதினாங்க. மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கலன்னு ஆர்.டி.ஓ.கிட்ட போனாங்க. பத்திரம் ரத்தாச்சு. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சுது. அன்பினால எழுதிக் குடுத்தாங்கன்னாலே, பாத்துக்கணும்ங்கிற நிபந்தனை அதுல மறைமுகமா இருக்குன்னு சொல்லிச்சு.

சந்தோஷமான தீர்ப்புதான். ஆனா 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல, நிபந்தனை இருந்ததுன்னு காட்டலன்னா 23-வது பிரிவு உதவாதுன்னு சொல்லியிருக்கு. 2025 ஜனவரியில வந்த இன்னொரு தீர்ப்புல, பெரியவங்களுக்குச் சாதகமா இந்தச் சட்டத்தைத் தாராளமா படிக்கணும்னு அதே உச்ச நீதிமன்றம் சொல்லுது. அதனால தீர்ப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். செட்டில்மென்ட் எழுதியே ஆகணும்னா, "வாழ்நாள் முழுக்க உணவு, இருப்பிடம், மருத்துவம் பார்க்க வேண்டும், தவறினால் ரத்து"ன்னு பத்திரத்துலயே ஒரு வரி எழுதச் சொல்லுங்க.

"புகார் குடுத்தா என் புள்ள என்ன ஆவான்?"

ஆயா கேக்கப்போற முதல் கேள்வி இதுதான். அடி வாங்கினாக்கூட மகனை ஜெயிலுக்கு அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க: ஆர்.டி.ஓ.கிட்ட மனு குடுத்தா உடனே போலீஸ் வராது. சமரச அலுவலர் மூலமா பேசித் தீர்க்கவும் இந்தச் சட்டத்துலயே இடம் இருக்கு. ஆனா அவங்க சம்மதம் இல்லாம, அவங்க சார்பா நாமளே முடிவெடுத்துடக் கூடாது. மனு குடுத்த அன்னைக்கு ராத்திரி அவங்க அதே வீட்டுலதான் தூங்கணும். அதனால பத்து நாள் தங்க வேற இடத்தை முதல்ல பாத்து வைங்க: உங்க ரூம், பெரியம்மா வீடு, எதுவா இருந்தாலும்.

கடைசியா ஒண்ணு. இந்தச் சட்டத்துல 'பிள்ளைகள்'னா மகன், மகள் மட்டும் இல்ல. 18 வயசு தாண்டின பேரனும் பேத்தியும் அதுல சேர்த்தி. அதாவது, சித்தப்பாவைக் குறை சொல்லிட்டு நாம ஒதுங்கிக்க முடியாது.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை ஆயாவோ, தாத்தாவோ, நானியோ, அவங்களுக்குப் போன் பண்ணுங்க. ஸ்பீக்கரை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. சாப்டியான்னு அவங்க கேட்டதும் கட் பண்ணாம, "நீ என்ன சாப்ட?"ன்னு திருப்பிக் கேளுங்க. பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்க.