நடத்தையும் அளவையும்

குழப்படி என்பது நம்மிடையே பெரிதும் வழங்கும் ஒரு சொல். கொட்டாஞ்சேனையில் ஒரு தாயும் வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியரும் அச்சொல்லை ஒரே நாளிற் பலமுறை சொல்லக்கூடும். ஆயின், அவர்கள் குறிப்பது ஒரே செயலைத்தானா? ஒருவர், பிள்ளை இருக்கையை விட்டு எழுந்து திரிவதைக் கருதுகிறார். மற்றவர், அயலிலிருப்பவனின் கொப்பியிற் கிறுக்குவதைக் கருதுகிறார். இன்னுமொருவர், கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாதிருப்பதையே குழப்படி என்கிறார். சொல் ஒன்று, பொருள் மூன்று. அச்சொல்லோ பிள்ளையைப் பற்றிக்கொள்கிறது. அடுத்த ஆண்டில் வகுப்பேற்கும் ஆசிரியர் பிள்ளையைக் காணுமுன்னரே அவன் பெயரைக் கேட்டுவிடுகிறார். தன்மீது சுமத்தப்பட்டது யாதென்றே தெளிவாகாத நிலையில், அப்பிள்ளை அதற்கு எவ்வாறு மறுமொழி கூறுவான்?

இதனுள் வேறொரு மயக்கமும் உண்டு. அவன் ஏன் எழுந்து திரிகிறான் என்று கேட்டால், குழப்படிகாரன் ஆதலால் என்பர். அவன் குழப்படிகாரன் என்பதை எவ்வாறு அறிந்தீர் என்று கேட்டால், எழுந்து திரிகிறானே என்பர். இது செக்குமாட்டின் நடை. எவ்வளவு தூரம் நடந்தாலும் தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கும். பெயரிடுதல் வேறு, காரணங் காட்டுதல் வேறு.

இம்மயக்கத்தினின்று நீங்கும் வழியைத் தேடியோருள் நடத்தையியலார் முதன்மையானவர். ஐக்கிய அமெரிக்காவில் 1913 ஆம் ஆண்டில் ஜோன் வாட்சன் என்பார், உளவியலின் பொருள் பிறர் கண்டறியத்தக்க நடத்தையே ஆதல் வேண்டுமென வாதிட்டார். பின்னர் ஸ்கின்னர் 1938 ஆம் ஆண்டில் ‘உயிரிகளின் நடத்தை’ என்னும் பொருளுடைய நூலை வெளியிட்டு, நடத்தையை எண்ணி அளக்கும் முறையொன்றை நிலைநாட்டினார். மனிதனுக்கு எண்ணமும் உணர்ச்சியும் இல்லையென அவர் கூறினாரல்லர். அவற்றை நடத்தைக்குக் காரணமெனக் காட்டி ஆராய்ச்சியை அவ்வளவில் நிறுத்திவிடலாகாது என்பதே அவர் கருத்து.

நடத்தை என்பது யாது? உயிருள்ள ஒருவர் தம் சூழலோடு கொள்ளும் தொடர்பிற் செய்யும் செயலே நடத்தை எனச் சுருங்கக் கூறலாம். நடத்தல், எழுதல், பேசுதல், பார்த்தல் யாவும் இதனுள் அடங்கும். சோம்பல், அடக்கம், பிடிவாதம் என்பன நடத்தைகள் அல்ல. பல நடத்தைகளைக் கண்டபின் நாம் ஒட்டும் பெயர்கள். இவற்றைப் பிரித்தறிய ஒக்டன் லிண்ட்ஸ்லி என்னும் அறிஞர் எளியதொரு சோதனை வகுத்தார். இறந்த ஒருவராற் செய்யக்கூடியது எதுவோ அது நடத்தை அன்று என்பதே அது. “வகுப்பிற் பேசாதிருத்தல்” என்று நாம் ஒரு குறிக்கோளை வகுத்தால், உயிரற்ற உடல் அதனை மிகச் சிறப்பாக நிறைவேற்றிவிடும். ஆகவே “கையுயர்த்தி, ஆசிரியர் அழைத்தபின் பேசுதல்” என்று வகுத்தல் வேண்டும். இவ்வொரு மாற்றமே பிள்ளையை அடக்கும் எண்ணத்திலிருந்து, பிள்ளைக்குக் கற்பிக்கும் எண்ணத்திற்கு நம்மைக் கொண்டுசெல்கிறது.

இனி வரைவிலக்கணம். நல்ல வரைவிலக்கணத்துக்கு மூன்று பண்புகள் வேண்டும். கண்டும் கேட்டும் அறியத்தக்கதாய் இருத்தல் ஒன்று. பிறரொருவர் வாசித்து ஐயமின்றிப் பின்பற்றத்தக்கதாய் இருத்தல் இரண்டு. எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என எல்லை காட்டுதல் மூன்று. “ஆசிரியரின் அனுமதியின்றி, உடல் இருக்கையை முழுதும் விட்டு நீங்குதல், கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிதல் இதனுட் சேராது” என்பது இம்மூன்றும் அமைந்த வரைவிலக்கணமாகும்.

வரையறுத்ததை அளத்தல் வேண்டும். துணிக்கு நீளமும் பாலுக்குக் கொள்ளளவும் போல, நடத்தைக்கும் பல அளவைகள் உள. முதலாவது எண்ணிக்கை. ஆயின் காலத்தைச் சேர்க்காத எண்ணிக்கை நம்மை ஏமாற்றும். மாணவன் ஒருவன் திங்களன்று 40 நிமிடப் பாடத்தில் 12 முறை எழுந்தான். செவ்வாயன்று 20 நிமிடத்தில் 9 முறை எழுந்தான் என வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை குறைந்தது கண்டு நாம் மகிழ்வோம். நிமிடத்துக்கு எத்தனை என வகுத்துப் பார்த்தாலோ, முதல் நாள் 0.3, மறுநாள் 0.45. குறையவில்லை, ஏறியுள்ளது. இவ்வாறு காலத்தால் வகுத்துப் பெறுவதே வீதம் எனப்படும்.

இரண்டாவது, நீடிக்கும் காலம். மூன்றே முறை எழுந்தவன் மொத்தம் 18 நிமிடம் வெளியே நின்றிருப்பின், மூன்று என்னும் எண் உண்மையை மறைத்துவிடும். மூன்றாவது, தாமதம். “கொப்பியைத் திறவுங்கள்” என்ற சொல்லுக்கும் கொப்பி திறக்கப்படுவதற்கும் இடைப்பட்ட நேரம் இது. நான்காவது, செறிவு, குரல் எவ்வளவு உரத்தது, அடி எவ்வளவு வலியது என்பது. செய்வதற்கு வாய்ப்பு வரும்போது மட்டும் நிகழும் செயல்களுக்கு நூற்றுவீதமே ஏற்றது. வெள்ளவத்தையிற் காலி வீதியின் மஞ்சட் கடவையிற் பாதசாரி காத்து நிற்கையில் 50 வாகனங்கள் வந்து, அவற்றுள் 20 நின்றன எனின், 40 நூற்றுவீதம் என்போம். நின்ற வாகனங்களை மட்டும் எண்ணினால், வாகனம் குறைந்த ஞாயிற்றுக்கிழமையைச் சாரதிகள் மரியாதை குறைந்த நாள் எனப் பிழையாக முடிவு செய்வோம்.

நாற்பது பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவனையே நோக்கியிருத்தல் இயலுமா என்று கேட்கலாம். இயலாது, அது வேண்டியதும் அன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை நிமிர்ந்து, அக்கணத்தில் அவன் இருக்கையில் உளனா இலனா என ஒரு குறியிட்டால் 40 நிமிடத்தில் எட்டுக் குறிகள் கிடைக்கும். பல நாட்களின் குறிகள் சேரும்போது ஓரளவு நம்பத்தக்க படம் உருவாகும். எனினும் கண நேரத்தில் முடியும் செயல்களுக்கு இம்முறை பொருந்தாது.

அளப்பவரையும் அளத்தல் வேண்டும். ஒரே வரைவிலக்கணத்தைக் கொண்டு இருவர் தனித்தனியே அவதானித்து, ஒருவர் 10 என்றும் மற்றவர் 8 என்றும் குறித்தால், சிறியதைப் பெரியதால் வகுக்க உடன்பாடு 80 நூற்றுவீதம் ஆகும். இதுவும் முழுக் காப்பன்று. ஒருவர் பாடத்தின் முற்பாதியிலும் மற்றவர் பிற்பாதியிலும் வெவ்வேறு செயல்களை எண்ணியிருத்தல் கூடும். ஆதலால் நேரத்தைச் சிறு கூறுகளாக்கி ஒவ்வொரு கூறிலும் ஒப்பிடுவர். உடன்பாடு குறைந்தால், பிள்ளையைக் குறைகூறுமுன் வரைவிலக்கணத்தையே திருத்துவர். மேலும், தாம் கவனிக்கப்படுவதை அறிந்தவர் வேறாக நடப்பர். கடவையருகே பொலிஸ் உத்தியோகத்தர் நின்றால் வாகனங்கள் நிற்பது யாவரும் அறிந்ததே. எனவே, எதனையும் மாற்ற முனையுமுன் சில நாட்கள் அமைதியாக அளந்து, முன்னிருந்த நிலையைப் பதிவு செய்தல் இன்றியமையாதது.

இவையெல்லாம் மேனாட்டுப் புதுமை என எண்ணவேண்டியதில்லை. இலங்கையிற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய உளவியலறிஞர் பத்மல் டி சில்வா, 1984 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், பண்டைப் பௌத்த நூல்களிற் காணப்படும் நடத்தை மாற்ற முறைகள் பல இக்கால முறைகளை ஒத்திருத்தலை விளக்கினார். சங்யுத்த நிகாயத்திற் கோசல நாட்டரசன் பசேனதியின் கதை வருகிறது. அவன் தோண அளவு அரிசிச் சோற்றை உண்டு, மூச்சுத் திணறப் புத்தரிடம் சென்றான். அளவறிந்து உண்பதன் நன்மையைப் புத்தர் ஒரு செய்யுளாகக் கூறினார். அரசன் உண்ணும்போதெல்லாம் அதனைச் சொல்லுமாறு இளைஞன் ஒருவன் பணிக்கப்பட்டான். படிப்படியாக உணவு குறைந்து, ஈற்றில் ஒரு நாழி அளவில் நின்றது. அரசனின் உடலும் இலேசாயிற்று. இக்கதையில் அரசனைப் பெருந்தீனிக்காரன் என எவரும் இகழ்ந்திலர் என்பதைக் கவனியுங்கள். செயல் யாதெனத் தெளிவாயிற்று. அதற்கு ஓர் அளவு இருந்தது. குறிப்பிட்ட வேளையில் நினைவூட்டல் நிகழ்ந்தது. மாற்றம் நாழிக் கணக்கிற் காணப்பட்டது.

அளவை மனிதரைச் சிறுமைப்படுத்தும் என்று சிலர் அஞ்சுவர். அளவு இல்லாதவிடத்தே ஒருவரின் சினமும் மற்றவரின் சலிப்புமே நீதிபதிகள் ஆகின்றன. நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை எழுந்த பிள்ளை ஏழு முறையாகக் குறைத்துக்கொண்டால், குழப்படி என்னும் சொல்லுக்கு அது தெரியாது. இன்னும் எழுகிறானே என்றே அது கூறும். தாளிலிட்ட குறிகளோ அவன் முயற்சியைச் சொல்லும். அம்முயற்சி கண்டு ஒரு நல்ல வார்த்தை கூறுதற்கு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வாய்ப்பளிக்கும். அதற்கு வேண்டிய கருவி ஒரு பென்சிலும் ஒரு துண்டுக் கடதாசியுமே.