முன் அறுவைக்குப் பின் மறுபேறு: தெரிவும் அதனைச் சொல்லும் தமிழும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ் மட்டுமே நன்கறிந்த கருவுற்ற பெண் ஒருவருக்கு மருத்துவர் கூறியவற்றை மொழிபெயர்த்து உதவும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. முதற் குழந்தையை அறுவை சிகிச்சையின்வழிப் பெற்றிருந்த அவர், இரண்டாம் குழந்தையை எவ்வழியிற் பெறுவது என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. மருத்துவர் இரு வழிகளையும் சமமாகவே எடுத்துரைத்தார். நாமோ ஒன்றைச் 'சுகப்பிரசவம்' என்றும் மற்றொன்றை 'ஆப்பரேஷன்' என்றும் மொழிபெயர்த்தோம். "சுகமா ஒண்ணு இருக்கிறப்ப மத்தது எதுக்குங்க?" என்றார் அப்பெண். மருத்துவர் சமமாகப் பிடித்திருந்த தராசு நம் சொல்லால் சாய்ந்துவிட்டதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். இத்தெரிவின் மருத்துவப் பின்னணியைச் சுருக்கமாக விளக்கி, அதனைத் தமிழில் எடுத்துரைப்பதிலுள்ள சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்து மாறி வந்த வரலாறு

ஒருமுறை அறுவை நிகழ்ந்தால் எப்பொழுதும் அறுவையே என்னும் கூற்றை 1916ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதினார். முதல் அறுவையைத் தேவையின்றிச் செய்யலாகாது என எச்சரிப்பதே அவர் கருத்து. எனினும் பிற்காலத்தில் அது விதியாகவே கொள்ளப்பட்டது. அக்காலத்தில் கருப்பையின் மேற்பகுதி செங்குத்தாக வெட்டப்பட்டது. அவ்வடு அடுத்த பேற்றில் கிழியும் இடர் மிகுதி. 1920களில் கிளாஸ்கோ மருத்துவர் மன்ரோ கெர் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். இவ்வடு வலியது. ஆகவே பழைய விதியின் அடிப்படையே மாறியது.

1980ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகங்கள் கூட்டிய மாநாடு இவ்விதியை மறுபரிசீலனை செய்தது. 1996ஆம் ஆண்டில், முன்பு அறுவைக்குள்ளான அமெரிக்கப் பெண்களுள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் அறுவையின்றிப் பெற்றனர். பின்னர்க் கருப்பை கிழிதல் பற்றிய அச்சமும் வழக்குகளும் பெருகவே, அடுத்த பத்தாண்டுகளில் அவ்வளவு 10 விழுக்காட்டிற்கும் கீழ் இறங்கியது. ஒரே தெரிவு ஒரு தலைமுறைக்குள் இருமுறை திசை மாறியமை கருதத்தக்கது.

இரு வழிகளின் நிறைகுறைகள்

பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் அரச கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முன்னர் ஒருமுறை அறுவைக்குள்ளாகி, அடுத்து அறுவையின்றிப் பெற முயலும் பெண்கள் 100 பேரில் 72 முதல் 75 பேர் வெற்றி பெறுகின்றனர். முன்பே ஒரு குழந்தையை அறுவையின்றிப் பெற்றவராயின் இது 85 முதல் 90 வரை உயர்கிறது. வலி தானாகத் தொடங்கும்போது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குக் கருப்பை வடு கிழிகிறது. மருந்து கொடுத்து வலியைத் தூண்டினால் இவ்விடர் மிகும். வடு கிழிந்தால் உடனடி அறுவை வேண்டும். எனவே அறுவைக் கூடம், குருதி, இடைவிடாக் கண்காணிப்பு ஆகியவை உள்ள மருத்துவமனையே இதற்கு ஏற்றது. முயற்சி இடையில் நின்று அவசர அறுவையாக முடிந்தால், திட்டமிட்ட அறுவையைவிடச் சிக்கல்கள் கூடுதலாகும். செங்குத்து வடு உடையோர்க்கும் முன்பே கருப்பை கிழிந்தோர்க்கும் இவ்வழி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

திட்டமிட்ட அறுவை வடு கிழியும் இடரைப் பெரிதும் தவிர்க்கிறது. ஆயினும் அதன் விலை பெரும்பாலும் அடுத்த கருவுறுதலின்போதே தெரியவரும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்து, பழைய வடுவினுள் வேரூன்றிப் பிரியாமல் நிற்றல் உயிருக்கே ஆபத்தான நிலையாகும். 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நஞ்சுக்கொடி அவ்வாறு வாயை மறைத்திருந்த பெண்களுள், முதல் அறுவையின்போது 3 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 11 விழுக்காட்டினருக்கும், மூன்றாவதில் 40 விழுக்காட்டினருக்கும் இந்நிலை காணப்பட்டது. ஆகவே, இன்னும் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்னும் கேள்வி இத்தெரிவின் நடுவில் நிற்கிறது.

சொற்களின் சாய்வு

'சுகப்பிரசவம்' வேண்டுதலின் சொல். திருச்சிராப்பள்ளித் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் பெண் வேண்டுவது அதனையே. வேண்டுதலில் பொருந்தும் அச்சொல், மருத்துவ விளக்கத்தில் வரும்போது மற்ற வழியைச் சுகமற்றதாக்கிவிடுகிறது.

இலக்கணத்திலும் இச்சாய்வு உண்டு. ஒருத்தி 'குழந்தை பெற்றாள்' என்கிறோம். அறுவை எனில் 'குழந்தையை எடுத்தார்கள்' என்கிறோம். பத்துத் திங்கள் சுமந்தவள் வாக்கியத்தில் எழுவாய் என்னும் இடத்தையும் இழக்கிறாள். எதிர்த்திசையிலும் சாய்வு உண்டு. 'தையல் விட்டுவிடும்' எனப் பெரியவர்கள் எச்சரிக்கும்போது 200இல் ஒன்று என்னும் அளவு மறைந்து அச்சம் மட்டுமே எஞ்சுகிறது. 'நல்ல நேரம்' பார்த்து நாள் குறிக்கும்போதோ, 39 வாரம் நிறைவதற்கு முன் அறுவைவழிப் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் மிகக்கூடும் என்பது பேச்சிலேயே வருவதில்லை.

ஆகவே 'யோனிவழிப் பேறு', 'அறுவைவழிப் பேறு' என்னும் இணைச்சொற்களை நாம் பரிந்துரைக்கிறோம். முன்னதை 'முயற்சி' என்றே விளக்குதல் நன்று. அறுவையில் முடிந்தால் அது தாயின் தோல்வியாகாது. இடரை விழுக்காட்டில் மட்டுமன்றி, 'இத்தனை பேரில் இத்தனை பேர்' எனவும் கூறலாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. சிகிச்சையின் இடர்களை நோயாளிக்கு எடுத்துரைக்கும் கடமையை மருத்துவர்களின் வழக்கத்தைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது என 2006ஆம் ஆண்டு டிசம்பரில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மகப்பேறு பற்றிய வழக்கொன்றிலேயே இத்தகைய நிலைப்பாட்டை எடுத்தது. நோயாளிக்கு விளங்காத மொழியில் கூறப்பட்ட விளக்கம் அக்கடமையை எங்ஙனம் நிறைவேற்றும்?

முடிவுரை

மறுமுறை அப்பெண்ணைக் கண்டபோது இரு வழிகளையும் இணைச்சொற்களால், எண்களோடு விளக்கினோம். "மூணாவதும் வேணும்னு நினைச்சா எப்படிங்க?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. சரியான கேள்வி அது. முந்தைய நாள் நம் மொழிபெயர்ப்பு அதனைக் கேட்கவிடவில்லை. அவர் எதனைத் தெரிந்தெடுத்தார் என்பது அவருக்குரியது. 'தாய் வேறு சேய் வேறாக நல்லபடியாகப் பிரிய வேண்டும்' என நம் மூதாட்டியர் வாழ்த்துவர். அவ்வாழ்த்து வழியைக் குறிப்பிடுவதில்லை. இருவர் நலத்தை மட்டுமே வேண்டுகிறது. மருத்துவத் தமிழைக் கற்பிக்கும் நமக்கு அதுவே அளவுகோலாதல் தகும்.