புத்தளம் வரையான கடற்பரப்பு

வானொலியில் கடல் வானிலை வாசிக்கும்போது நம் ஊரின் பெயர் அடிக்கடி காதில் விழும். காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரை என்பார்கள்; அல்லது புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரை என்பார்கள். ஒரு நீண்ட வாக்கியம் முடியும் இடத்திலோ தொடங்கும் இடத்திலோ நாம் நிற்கிறோம்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் நம்மிடம் மட்டும் எத்தனை கடல்கள்! கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்கே திறந்த கடல். கிழக்கே 300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த, ஆழங்குறைந்த களப்பு. வடக்கே டச்சுக் குடா, போர்த்துக்கல் குடா. குடாக்களிலும் அவற்றின் விளிம்பிலும் இப்பந்தீவு, உச்சமுனை, பத்தலங்குண்டு என்று தீவுகளும் மணல் திட்டுகளும். தென்மேல் பருவக்காற்று வீசும் ஜூலை மாதத்தில் வெளிக்கடல் படகை இறக்க விடாது. அதே நாளில் களப்பின் ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவர் வலை வீசிக்கொண்டிருப்பார்.

மணிக்கு 50 கிலோமீற்றர் காற்று என்ற செய்தி கொழும்பிலிருப்பவருக்குப் போதும். பத்தலங்குண்டு வாடியில் இருப்பவருக்கு வேண்டியது வேறு. இன்று பிற்பகல் நோயாளியை ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் போகலாமா? குடாவின் வாயில் அலை மடிகிறதா? குடிதண்ணீர் ஏற்றிய படகு நாளை வந்து சேருமா? இவற்றுக்குப் பதில் சொல்லும் ஏற்பாட்டையே இன்று கரையோரக் கடல் அவதானிப்பு முறைமை என்கிறார்கள். பெயர்தான் பெரிது. கடலை அளப்பது, அளந்ததைக் கொண்டு அடுத்த சில நாட்களைக் கணிப்பது, கணித்ததை உரியவருக்கு உரிய நேரத்தில் சொல்வது: இதுவே அதன் வேலை.

கடலைக் கணிப்பது நமக்குப் புதிதல்ல. மொன்சூன் என்ற சொல்லே மவ்சிம் என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. 15ஆம் நூற்றாண்டின் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், இந்து சமுத்திரத்துத் துறைகளிலிருந்து பாய் விரிக்கத் தக்க காலங்களை நூலாகவே எழுதி வைத்தார். கணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கரையே சாட்சி. 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் புறப்பட்டார். மூன்று நாள் பயணம். கப்பலில் தேர்ந்த வழிகாட்டி இல்லை. ஒன்பதாம் நாள் அவர் கண்டது இலங்கையை. அவர் இறங்கிய பத்தாலா நம் புத்தளமே என்று அறிஞர் கருதுகின்றனர். காற்று தவறிய பயணத்தால் அவருடைய நூலில் நம் ஊருக்கு இடம் கிடைத்தது!

இப்போது கருவிகளைப் பார்ப்போம். அலைமானி மிதவை என்பது ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள பந்து போன்றது. நங்கூரமிட்ட இடத்தில் அலையோடு ஏறி இறங்கும். அலையின் உயரம், அது வரும் திசை, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டுச் செய்மதி வழியாக அனுப்பும். இவற்றில் பலரும் கவனிக்காத அந்த இடைவெளி நேரம்தான் ஆபத்தைக் காட்டும். ஒன்றரை மீற்றர் உயர அலை 6 செக்கன் இடைவெளியில் வந்தால் உள்ளூர்க் காற்று எழுப்பியது; கரையில் உடைந்து ஓயும். அதே உயரம் 16 செக்கன் இடைவெளியில் வந்தால், ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், சமுத்திரத்தின் தென்கோடிப் புயலில் பிறந்து பல நாள் பயணித்து வந்தது. ஆழமில்லாத இடத்தை அடைந்ததும் அது எழும்பும். கரையில் வெகுதூரம் ஏறும்.

இந்த அலை வரும் நாளில் நம் வானம் தெளிந்திருக்கலாம், காற்றே இல்லாமலும் இருக்கலாம். கேரளத்து மீனவர் இதைக் கள்ளக்கடல் என்பர். கள்வனைப் போல் வருவதால் அப்பெயர். 2012இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. காற்றையும் மேகத்தையும் பார்த்துக் கடலைச் சொல்லும் நம் பெரியவர்களின் அறிவை நான் குறைத்துப் பேச மாட்டேன். கச்சானும் வாடையும் மாறும் நாளை அவர்கள் அறிவார்கள். ஆனால் கண்ணுக்கெட்டாத தூரத்துப் புயலை எந்தக் கண்ணும் காணாது. அங்கேதான் மிதவை வேண்டியிருக்கிறது.

மிதவை மட்டும் இருந்தால் போதுமா? 2024 மே 6ஆம் திகதி கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் 5 பேரை இத்தகைய அலை இழுத்துச் சென்றது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசிய சமுத்திரத் தகவல் சேவை நிலையம், இன்கொயிஸ், முன்னரே எச்சரிக்கை விடுத்திருந்தது. இருந்தும் அந்தப் பிள்ளைகள் கடலில் இறங்கினார்கள்.

ஆர்கோ என்னும் மிதவைகள் சுமார் 4000 உலகக் கடல்களில் உலாவுகின்றன. பத்து நாளைக்கு ஒருமுறை 2000 மீற்றர் ஆழம் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்து மேலே வரும். பருவமழைக் கணிப்புக்கு மிகப் பயன். ஆனால் ஆழங்குறைந்த நம் குடாக்களுக்கு அவை வரா.

தீவு மக்களுக்கென்றே அமைந்த முறைமை ஒன்று பசிபிக் சமுத்திரத்தில் இருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 2007இல் தொடங்கிய அதன் பெயர் பக்கூஸ். மார்ஷல் தீவுகளின் தலைநகரான மஜூரோ, கடல் மட்டத்துக்குச் சில மீற்றரே உயர்ந்த ஒரு முருகைக்கல் வளையம். அங்கே மிதவை தரும் அலைக் கணக்கையும் வற்றுப் பெருக்குக் கணக்கையும் சேர்த்து, வரும் நாட்களில் எப்போது தண்ணீர் கரை ஏறும் என்று அந்த ஓர் ஊருக்காகவே சொல்கிறார்கள். கடற்பரப்பு முழுமைக்கும் ஒரு வாக்கியம் என்ற நிலை மாறி, ஊருக்கு ஒரு வரி கிடைக்கிறது.

நமக்கும் துண்டு துண்டாகப் பல உண்டு. நாரா நிறுவனத்தின் ஆய்வு நிலையம் கற்பிட்டியிலேயே இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை தருகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். இன்கொயிஸ் நம் கடலுக்கும் கணிப்பு வெளியிடுகிறது. இருந்தும் 2013 ஜூனில் திடீர்க் காற்றில் சிக்கி நம் நாட்டு மீனவர் 40க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, எச்சரிக்கை நேரத்தோடு கிடைக்கவில்லை என்றே கரையில் பேசினார்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரிக் கப்பல்கள் கூடத் தென்மேல் பருவக் கொந்தளிப்புக்கு ஒதுங்கித்தான் வருகின்றன. கப்பலே காத்திருக்கும் கடலில் பைபர் படகு போகிறது. பத்தலங்குண்டுக்கென ஒரு வரி, தமிழிலும் சிங்களத்திலும், படகு இறக்குமுன் கைத்தொலைபேசிக்கு வர வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

கல்லூரி மாணவியரும் இதில் ஒரு பங்கை ஏற்கலாம். சென்ரிமீற்றர் கோடிட்ட ஓர் அளவுகோலைக் களப்பு இறங்குதுறையில் நட்டு, தினமும் சில குறித்த நேரங்களில் நீர்மட்டத்தை எழுதுங்கள். பக்கத்தில் பிறைத் திகதியையும் எழுதுங்கள். மாதத் தொடக்கத்திலும் 14, 15ஆம் பிறைகளை ஒட்டியும் வற்றும் பெருக்கும் கூடுவதையும், 7, 8ஆம் பிறைகளிலும் 22ஐ ஒட்டியும் குறைவதையும் காண்பீர்கள். கற்பிட்டியில் ஒரு தோழியும் புத்தளம் நகரில் ஒரு தோழியும் ஒரே நாளில் அளந்தால், களப்பின் வடவாயில் நுழையும் பெருக்கு தெற்கே நகரை வந்தடைய எவ்வளவு பிந்துகிறது, வழியில் எவ்வளவு தணிகிறது என்பதும் தெரியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அளவுகோலின் பூச்சியக் கோடு, அருகிலுள்ள அசையாத ஒரு படிக்கட்டுக்கு எத்தனை சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது என்று முதல் நாளே குறித்து வையுங்கள். கம்பு சாய்ந்து மீண்டும் நட நேர்ந்தால், பழைய கணக்கையும் புதிய கணக்கையும் இணைக்க அந்த ஒரு குறிப்புத்தான் இருக்கும்.