சிறுவர் போராளிகளின் மறுவாழ்வும் நிதி திரட்டும் பயணங்களும்

நற்காரியமொன்றுக்கு நிதி திரட்டும் பொருட்டு நெடுந்தூரம் துவிச்சக்கர வண்டியில் செல்லும் வழக்கம் மேலைநாடுகளில் நன்கு வேரூன்றியுள்ளது. லண்டனிலிருந்து பிரைட்டன் வரையிலான 54 மைல் பயணம் இருதய நோய் ஆராய்ச்சிக்காகப் பல தசாப்தங்களாக இடம்பெற்று வந்துள்ளமை இதற்கு உதாரணமாகும். ஆயுதக் குழுக்களிலிருந்து மீண்ட சிறுவர்களுக்கு உதவுவதற்காகவும் இத்தகைய பயணங்கள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. உடலை வருத்திப் பிறர்நலம் நாடுவது எமக்கும் புதியதன்று. 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோ மீற்றர் தூரம் நடந்தவர்கள், தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கென நிதி திரட்டியதை நாம் மறந்துவிடவில்லை.

இம்முறையின் அடிப்படை எளிமையானது. பயணத்தில் ஈடுபடுபவர் தமது உறவினர், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடம் தம்மால் இயன்ற தொகையை வழங்குமாறு கேட்கிறார். அவர் பயணத்தை நிறைவு செய்வார் என்ற நம்பிக்கையிலேயே அவர்கள் கொடுக்கின்றனர். எனவே அவர் பெறும் பயிற்சி வெறும் தேகாப்பியாசம் அன்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்கான ஆயத்தமாகும்.

நாளொன்றுக்கு 80 கிலோ மீற்றர் வீதம் சில நாட்கள் செல்ல விரும்பும் சாதாரண ஒருவருக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சியேனும் வேண்டும். வாரத்துக்கு இரு குறுகிய ஓட்டங்களும் ஒரு நீண்ட ஓட்டமும் போதுமானவை. நீண்ட ஓட்டத்தை 25 கிலோ மீற்றரில் ஆரம்பித்து, ஐந்தைந்து கிலோ மீற்றராகக் கூட்டி, 70 வரை கொண்டு செல்லலாம். நான்கு வாரங்களுக்கு ஒரு முறை தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வளிக்க வேண்டும். மிதி கீழே வரும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி ஆசனத்தின் உயரத்தைச் சரிசெய்யாவிடின் மூட்டு வலி நிச்சயம். எமது காலநிலையில் வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடிப்பதும், தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்துவதும், நீண்ட ஓட்டங்களில் ஜீவனி போன்ற உப்புக் கரைசலை உடன் வைத்திருப்பதும் அவசியம். முதல் நாளிலேயே வேகம் காட்டுபவர் மூன்றாம் நாளில் ஓய்ந்துவிடுவார்.

இவ்வளவு பொறுமை ஒரு பயணத்துக்கே தேவையெனில், யுத்தத்திலிருந்து ஒரு பிள்ளையை மீட்டெடுப்பதற்கு எவ்வளவு தேவை என்பதை நாம் சிந்திக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் பாரிஸ் கோட்பாடுகள், துப்பாக்கி ஏந்திய பிள்ளைகளை மாத்திரமன்றி, ஆயுதக் குழுக்களுக்குச் சமைத்த, சுமை தூக்கிய, தூது சென்ற, வேவு பார்த்த 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் உதவிக்குரியோராக ஏற்கின்றன. இதன் காரணத்தைச் சியராலியோன் நாட்டின் அனுபவம் விளக்கும். 2002ஆம் ஆண்டில் முடிவுற்ற அந்நாட்டு யுத்தத்தின் பின்னர் முறைப்படி விடுவிக்கப்பட்ட சிறுவர்கள் 6,800 பேருக்கும் அதிகமாவர். அவர்களுள் பெண் பிள்ளைகள் பத்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. குழுக்களில் பெண் பிள்ளைகள் பெருமளவில் இருந்தும், ஆயுதத்தை ஒப்படைத்தோரையே போராளிகளாகக் கருதும் போக்கு அவர்களில் பலரை உதவித் திட்டங்களுக்கு வெளியே நிறுத்தியது.

எமது நாடும் இத்துயரை அறியும். 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்றதையடுத்து 594 சிறுவர்கள் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களில் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் கல்வியைத் தொடர்ந்தனர். 2010ஆம் ஆண்டு மே மாதத்துடன் அந்நிகழ்ச்சித்திட்டம் நிறைவுற்றது. ஆனால் பதினேழு வயதில் வீடு திரும்பும் ஒரு பிள்ளைக்குத் தொழில், திருமணம், அயலவரின் நம்பிக்கை ஆகிய யாவும் அதன் பின்னரேயே ஆரம்பமாகின்றன. திட்டங்களின் கால எல்லை ஓராண்டாக இருக்கலாம். பிள்ளையின் தேவை அவ்வளவில் முடிவதில்லை.

ஆகையால், இத்தகைய பயணமொன்றை ஏற்பாடு செய்வோரும் அதற்கு நிதி வழங்குவோரும் சில விடயங்களைக் கேட்டறிவது கடமையாகும். திரட்டப்படும் பணம் எத்தனை ஆண்டுகளுக்குப் பிள்ளைகளைப் பின்தொடரும்? பெண் பிள்ளைகள் அதில் உள்ளடங்குவரா? ஊரின் ஏனைய வறிய பிள்ளைகளுக்கும் பாடசாலைக்கும் ஒரு பங்கு சேருமா? மீண்டவர்களுக்கு மட்டும் சலுகை வழங்கினால், அது அயலவரின் மனக்கசப்பை வளர்த்து அப்பிள்ளைகளையே மேலும் தனிமைப்படுத்தும். விளம்பரத்துக்காக அவர்களின் முகத்தையும் பெயரையும் வெளியிடுவதோ மன்னிக்க முடியாத தவறாகும். வாழ்நாள் முழுவதும் அவர்களைத் தொடரப்போவது அந்தப் படமே.

நல்லெண்ணத்துடன் பிறர் தரும் பணம் ஓர் அமானிதம். பயணத்தை முடித்தவுடன் அப்பொறுப்பும் முடிந்துவிட்டதெனக் கருதலாகாது. பன்னிரண்டு வாரங்கள் தம்மைப் பொறுமையுடன் ஆயத்தப்படுத்தத் தெரிந்தவர்கள், அதே பொறுமையை அப்பிள்ளைகளின் விடயத்திலும் காட்ட வேண்டும். பயணத்தின் வெற்றியைக் கடந்த தூரத்தாலோ திரண்ட தொகையாலோ மட்டும் கணிக்காது, சில ஆண்டுகளின் பின்னரும் அப்பிள்ளை பாடசாலையிலோ தொழிலிலோ நிலைத்திருக்கின்றதா என்பதைக் கொண்டே கணிக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடாகும்.