பருத்திக்காடும் பைன் காடும்

அமெரிக்காவின் தென் கரோலினாவில், பீட்மாண்ட் எனப்படும் செம்மண் மேட்டுநிலம் ஒரு காலத்தில் பருத்திக்காக உயிரை விட்ட பூமி. தலைமுறை தலைமுறையாக உழுததில் மேல்மண் மழையோடு போய்விட்டது. தெற்கு பீட்மாண்ட் முழுவதும் சராசரியாக ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் மண் அரிபட்டுப் போனதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1940களில் அமெரிக்க வனத்துறை அங்கே கால்ஹூன் சோதனைக் காட்டை அமைத்தது. அந்த வட்டாரத்திலேயே மிகவும் சீரழிந்த நிலம் என்பதுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

1957 வாக்கில் அந்தப் பழைய பருத்தி வயல்களில் லோப்லாலி பைன் கன்றுகளை நட்டார்கள். சில பத்தாண்டுகளில் நிலத்தின் முகமே மாறியது. வெயிலில் வெந்த மண்ணை ஊசியிலைச் சருகு மூடியது. மண் அரிப்பு அடங்கியது. கண்ணால் பார்ப்பவருக்கு இது முழு வெற்றி.

மண்ணுக்குள் என்ன நடந்தது என்பதையும் கால்ஹூன் சொல்கிறது. 1962 முதல் அதே இடங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண் எடுத்துப் பத்திரப்படுத்தி வந்திருக்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் டேனியல் ரிக்டர் குழு 1999-ல் வெளியிட்ட முடிவு இது: நாற்பது ஆண்டுகளில் அந்தக் காடு சேர்த்த கரிமத்தில் சுமார் 80 விழுக்காடு மரங்களிலும், 20 விழுக்காடு தரைச் சருகிலும் இருந்தது. சருகுக்குக் கீழே உள்ள மண்ணில் தங்கியது ஒரு விழுக்காடுகூட இல்லை.

மண்ணுக்குக் கரிமம் வராமல் இல்லை. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள மெல்லிய வேர்கள் ஓயாமல் முளைத்து, மடிந்து, மண்ணுக்கு உணவாகின்றன. ஆனால் அங்குள்ள மேல்மண் மணற்பாங்கானது. அங்குள்ள களிமண் வகைக்கோ கரிமத்தைப் பிடித்துவைக்கும் வலு குறைவு. வந்த கரிமத்தை நுண்ணுயிர்கள் தின்று, கரியமில வாயுவாகக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இருப்பில் வைக்க ஆளில்லாத வீட்டுக்கு வரும் கூலிபோல, வரவு அன்றன்றே செலவாகிவிடுகிறது.

2015-ல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் கவலை தருவது. மேலே ஏழெட்டு சென்டிமீட்டரில் கரிமம் கூடியிருந்தது. 35 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் குறைந்திருந்தது. மேலே கிடைத்த ஆதாயம் கீழே ஏற்பட்ட இழப்பில் கரைந்துபோனது. வேகமாக வளரும் மரங்களின் நைட்ரஜன் தேவைக்காக ஆழத்திலிருந்த பழைய மட்கு சிதைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உழவே படாத பழைய ஓக், ஹிக்கரிக் காடுகளின் துண்டுகள் அங்கே பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றின் அடிமண்ணில் உள்ள வேர்ச்செறிவை, பல பத்தாண்டு வயதான பைன் காடுகள்கூட எட்டவில்லை.

பைன் நட்டது வீண் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மரங்கள் இல்லாவிட்டால் மிச்ச மண்ணும் ஆற்றோடு போயிருக்கும். ஆனால், அடிமரத்தின் சுற்றளவை அளந்துவிட்டு மண்ணும் நிறைந்துவிட்டது என்று எழுதும் கரிமக் கணக்கை ஏற்க முடியாது. தோப்பு வளர்க்கும் எவரும் நடும் நாளிலேயே ஆழத்து மண்ணை அளந்து குறித்துவைக்க வேண்டும். அதற்கும் முன்னால், உழவு படாத காட்டு மண் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் அதைக் காக்க வேண்டும். அதை இழந்தால், அரை நூற்றாண்டு மரம் வளர்த்தும் ஈடுகட்ட முடியாது.