மாத வலியும் மகப்பேறும்: தக்க நிபுணரைத் தேடும் வழி

நூல் விலை, சாய விநியோகம், உரக் கடன், மஞ்சள் மண்டி நிலவரம் ஆகியவற்றைப் பேசும் இப்பத்திரிகையில் பெண்களின் மாத விலக்கைப் பற்றி எழுதலாமா என்று அங்கத்தினர்களுட் சிலர் தயங்கக்கூடும். நமது தறிகளிலும் தோட்டங்களிலும் உழைப்போரில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தயக்கம் நீடிக்காது. மேலும், நகைக் கடன் கேட்டுச் சங்கத்தின் படியேறுவோரில், காரணம் வினவினால் “வைத்தியச் செலவு” என்று மட்டும் சொல்லித் தலை குனிந்து கொள்ளும் குடும்பங்களும் உண்டு. அத்தகைய நெசவாளர் குடும்பம் ஒன்றின் அனுபவத்தை, அவர்களுடைய சம்மதத்தின் பேரில், பெயரும் ஊரும் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு 15 வயது முதலே மாதந்தோறும் மூன்று நாள் படுக்கை. குழித்தறியில் அமர்ந்து மிதியை அழுத்தும்போது அடிவயிற்றைப் பிடித்துத் திருகுவது போன்ற வலி. கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார் தாயார். கல்யாணம் ஆயிற்று. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார் மாமியார். மூன்று ஆண்டுகள் கழிந்தும் பிள்ளை உண்டாகவில்லை. பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குச் சென்றார்கள். ஸ்கேன் எடுத்ததில், இடது சினைப்பையில் நாலு சென்டிமீட்டர் அளவில் ‘சாக்லேட் கட்டி’ இருப்பது தெரிந்தது. மறுநாளே சேர்ந்துவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. வளையலும் சங்கிலியும் சங்கத்துக்கு வந்தன; ரண சிகிச்சை நடந்தது. ஓராண்டுக்குப் பின் இரு பக்கமும் கட்டி காணப்படுவதாகவும், மறுபடியும் அறுக்க வேண்டுமென்றும் கூறினார்கள்.

இம்முறை அடகு வைக்க நகை இல்லை. அதுவே ஒருவகையில் நன்மையாயிற்று என்று சொல்லலாம். சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சென்றார்கள். அங்கிருந்த அம்மையார் வயிற்றைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி: “உங்கள் வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை செய்தாயிற்றா?” அதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை, குடும்பத்தாருக்கும் தோன்றவில்லை. சில நூறு ரூபாயில், ஒரே காலை நேரத்தில் முடியக்கூடிய பரிசோதனை அது. செய்து பார்த்ததில் உயிரணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தது. சில வாரங்கள் கழித்துச் செய்த இரண்டாவது பரிசோதனையும் அதையே காட்டிற்று. ஆக, மனைவியின் சினைப்பையை இன்னும் பத்து முறை அறுத்தாலும் அதனால் மட்டும் தொட்டில் ஆடியிராது.

எண்டோமெட்ரியோஸிஸ் என்னும் இந்நோய் யாது என்பதை இனிப் பார்ப்போம். கர்ப்பப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் வளர்ந்து உதிரும் ஒரு மெல்லிய படலம் உண்டு. அதனைப் போன்ற திசு சினைப்பை, கருக்குழாய், குடல், மூத்திரப்பை முதலிய இடங்களின்மேல் வளர்வதே இந்நோய். மாத விலக்குக் காலத்தில் அதுவும் கசிகிறது. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் புண்ணும் வடுவுமாகிறது. பாவுக்குக் கஞ்சியிட்டுச் சரியாக நீவாமல் காயவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை நாம் அறிவோம். உள்ளுறுப்புகளும் இவ்வாறே ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பைக்குள் பழைய இரத்தம் தேங்கிக் கருஞ்சிவப்பாகக் கெட்டிப்படுவதுதான் சாக்லேட் கட்டி. அமெரிக்காவில் ஆல்பனி நகரத்து டாக்டர் ஜான் ஸாம்ப்ஸன் 1921-ல் இக்கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினார். மாத விலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்வதே காரணம் என்று 1927-ல் அவர் கூறிய கொள்கை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அவ்விதப் பின்னோட்டம் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு; நோயோ சிலருக்கே வருகிறது. ஆகையால் முழுக் காரணமும் விளங்கிவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்குப் 10 பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நோய் தொடங்கி அதன் பெயர் தெரிவதற்கே பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. வலியைப் பொறுப்பதே பெண்மை என்று நாம் பழக்கியிருப்பதும் இத்தாமதத்துக்கு ஒரு காரணம். இந்நோய் உள்ளவர்கள் எல்லோரும் மலடிகள் என்று எண்ணுவதும் பெரும் பிழை; அச்சொல்லே நம் வீடுகளிலிருந்து ஒழிய வேண்டியது. பலர் வைத்தியமின்றியே கருத்தரிக்கிறார்கள்.

வேலையை நிறுத்தும் அளவுக்கு மாத வலி, தாம்பத்திய உறவின்போது உள்ளே வலி, விலக்கு நாட்களில் மலஜலம் கழிக்கையில் வலி, இவற்றோடு கரு நிற்காமை: இவ்வடையாளங்கள் இருந்தால் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதை முடிவான தீர்ப்பாகக் கொள்ளலாகாது. கட்டி தெரியும், மேலோட்டமாகப் படர்ந்த சிறு புள்ளிகள் ஸ்கேனில் தெரிவதில்லை. ஆழப் பதிந்த நோயைக் கண்டுபிடிப்பது ஸ்கேன் பார்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது. விரலால் தொட்டே நூலின் நம்பரைச் சொல்லும் நெசவாளர் நம்மிடையே உண்டல்லவா? அதுபோன்ற பழக்கம் அங்கும் தேவை. சி.ஏ. 125 என்னும் இரத்தப் பரிசோதனையை மட்டும் கொண்டு நோய் உண்டென்றோ இல்லையென்றோ தீர்மானிப்பதும் சரியன்று.

அப்படியானால் தக்க நிபுணர் யார்? மகப்பேறு, மகளிர் நோய்த் துறையில் எம்.டி., எம்.எஸ். அல்லது டி.ஜி.ஓ. பட்டம் பெற்றவர் என்பது முதற்படி. ஆயினும் பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்த டாக்டர் ஒவ்வொருவரும் இந்நோயில் தேர்ந்தவராயிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இந்நோய்க்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று வலி, மற்றொன்று மகப்பேறு. வலிக்கு நல்லதாயிருப்பது மகப்பேற்றுக்குத் தடையாயிருக்கலாம். உதாரணமாக, வலியைக் குறைக்கத் தரும் ஹார்மோன் மாத்திரைகள் கரு உண்டாவதையும் தடுக்கின்றன. அவற்றைச் சில மாதங்கள் உட்கொண்டு நிறுத்தினால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆகவே, “உனக்கு இப்போது முதலில் வேண்டியது வலி நீங்குவதா, குழந்தையா?” என்று தொடக்கத்திலேயே கேட்டு, பதிலுக்கேற்ப வழி வகுப்பவரே நமக்குரிய டாக்டர். இக்கேள்வியைக் கேளாமல் சீட்டெழுதுபவரிடம் நாமே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து ரண சிகிச்சை. இங்கேதான் நமது குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன என்பது என் அபிப்பிராயம். வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவி மூலம் பார்க்கும் லாப்ராஸ்கோப்பி செய்தால்தான் நோயை நிச்சயிக்க முடியும் என்று முன்பு கருதப்பட்டது. மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பிய நிபுணர் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டி, எல்லோருக்கும் அது அவசியமில்லை என்று கூறுகிறது. சிகிச்சையாக அது பயன்படும் இடங்களும் உண்டு. 1997-ல் வெளியான கனடா ஆராய்ச்சி ஒன்றில், ஆரம்ப நிலை நோயும் குழந்தையின்மையும் உள்ள 341 பெண்களை இரு பிரிவாக்கினர். உள்ளே பார்த்ததோடு நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 18 பேர் அளவில் 36 வாரங்களுக்குள் கருத்தரித்துக் கரு நிலைத்தது. நோய்ப் புள்ளிகளையும் நீக்கிய பிரிவில் அது 31 ஆக உயர்ந்தது. 1999-ல் இத்தாலியில் நடந்த சிறிய ஆராய்ச்சியில் இந்த நன்மை தென்படவில்லை. ஆக, பயன் இருக்கலாம். நிச்சயமென்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

சினைப்பையிலுள்ள கட்டியின் விஷயம் வேறு. கட்டியை உரித்தெடுக்கும்போது அதனோடு ஒட்டிய நல்ல திசுவும் முட்டைகளும் சிறிது போகின்றன. பெண் பிறக்கும்போதே உள்ள முட்டை இருப்பு அது. விற்றுத் தீர்ந்த சரக்கைப் போல் மறுபடி கொள்முதல் செய்ய இயலாது. இரு பக்கமும் அறுத்தாலோ, இரண்டாம் முறை அறுத்தாலோ நஷ்டம் அதிகம். எனவே, அறுப்பதற்கு முன் ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை செய்து இருப்பை மதிப்பிட வேண்டும். அது குறைந்திருந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளன்று. அவகாசம் குறைவு என்றே பொருள். சோதனைக் குழாய் முறைக்குச் செல்லவிருப்பவர்களுக்கு, வெற்றி வாய்ப்பைக் கூட்டும் நோக்கத்தோடு மட்டும் கட்டியை வழக்கமாக அகற்றுவதை மேற்சொன்ன ஐரோப்பிய வழிகாட்டி ஆதரிக்கவில்லை. கடும் வலி, கட்டியின் தன்மையில் சந்தேகம், முட்டையை எடுக்க வழி மறைப்பது போன்ற காரணங்கள் இருந்தால் நிலைமை மாறும்.

ஆதலால், கட்டி அவசரமாக முறுக்கிக்கொண்டாலோ வெடித்தாலோ அன்றி, “நாளையே சேருங்கள்” என்ற சொல்லுக்கு உடனே தலையாட்டத் தேவையில்லை. இரண்டாவது டாக்டரின் அபிப்பிராயத்தைக் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பதாகாது. நல்ல டாக்டர் தாமே அதற்குக் கடிதம் தருவார். இத்தகைய சிகிச்சையை மாதத்தில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், சினைப்பையில் என்ன செய்யப் போகிறீர்கள், குடலில் நோய் இருந்தால் குடல் நிபுணர் உடனிருப்பாரா, செய்யாமலிருந்தால் என்ன ஆகும் என்று பணிவோடு கேட்கலாம். கேள்வியைக் கேட்டுக் கோபிப்பவரிடம் வயிற்றைக் கொடுக்க வேண்டாம். “குழந்தை கியாரண்டி” என்று பலகை வைத்திருக்கும் இடத்தைக் கண்டால் அவ்வீதியையே தவிர்ப்பது உத்தமம்.

கணவனுக்குப் பரிசோதனை என்றதும் எழும் ரோஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துக் கொடுக்கும் மாதிரி அது. நோவில்லை, மயக்க மருந்தில்லை. மனைவி கத்திக்குச் சம்மதிக்கையில் கணவன் ஒரு சிறு குப்பிக்குச் சம்மதியாதிருப்பது நியாயமன்று. நம் நாட்டில் கருக்குழாயைக் கெடுக்கும் காரணங்களில் க்ஷயரோகமும் ஒன்று. அதையும் கவனத்தில் கொள்பவர் நல்ல டாக்டர். ஓராண்டு முயன்றும் கரு நிற்காவிட்டால் நிபுணரை அணுக வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். மேலே சொன்ன வலி உள்ளவர்கள் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கே போவது? அருகிலுள்ள சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மகளிர் பிரிவு தொடக்கத்துக்கு ஏற்றது. சென்னை எழும்பூரில் 1844-ல் தோன்றிய மகப்பேறு ஆஸ்பத்திரி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இனப்பெருக்க மருத்துவத்துக்கெனத் தனித் துறையே இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், தமக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே காப்பீட்டு மேஜையில் கேட்டறிக. சோதனைக் குழாய் முறையைச் செய்யும் நிலையங்கள் 2021-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தம்பதிகளின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் வெட்கமில்லை. சம்மதப் பத்திரத்தை ஒருவர் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுக.

போகும்போது காகிதங்களைக் கொண்டு செல்லுங்கள். நமது பெண்ணிடம் முதல் ரண சிகிச்சையைப் பற்றி இருந்தது ஒரே ஒரு தாள். உள்ளே என்ன கண்டார்கள், எதை எடுத்தார்கள் என்ற விவரம் அதில் இல்லை. வீடியோப் பதிவும் திசுப் பரிசோதனை முடிவும் வாங்கி வைக்க அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் வேறொன்று அவரிடம் இருந்தது. சங்கம் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த நாட்காட்டியில், வலியினால் தறியில் உட்காராத நாட்களுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். கூலிக் கணக்குக்காக வைத்தவை. டாக்டர் அம்மையார் அதை வாங்கி, மாதம் மாதமாகப் புரட்டி, நெடுநேரம் பார்த்தாராம்.

கணவனும் மனைவியும் இப்போது சேர்ந்தே சிகிச்சைக்குச் சென்று வருகிறார்கள். இரண்டாவது ரண சிகிச்சை நடக்கவில்லை. நகை இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. வட்டி தவறாமல் கட்டி வருகிறார்கள்.